புதிய பயிற்சியாளரும் பழைய குவார்ட்டர்பேக்கும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கல்லூரி மலரில் அயல்நாட்டு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டைச் சார்ந்ததாயினும், அதனுள் அடங்கியிருக்கும் வினா வகுப்பறைக்கும் உரியது. கற்பவர் தவறினால் குறை கற்பவருடையதா, கற்பித்தவருடையதா என்பதே அவ்வினா.

அமெரிக்க நாட்டின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து 'ஃபார்ட்டி நைனர்ஸ்' என்னும் கால்பந்து அணி, 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டிய நிலையில் இருந்தது. புதிய தலைமைப் பயிற்சியாளர் யார் என்பது ஒன்று. ஆறாண்டுகள் அணியில் இருந்தும் நற்பெயர் ஈட்டாத அலெக்ஸ் ஸ்மித் என்னும் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்பது மற்றொன்று. இவை இரண்டையும் தனித்தனியே எடைபோட இயலாது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்மித்தின் முதலாண்டுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு, 'இவர் இந்த ஆட்டத்திற்கு ஏற்றவர் அல்லர்' என்று முடிவு கட்டியவர்களுள் நானும் ஒருவன். அம்முடிவை ஏன் மாற்றிக்கொண்டேன் என்பதும் இக்கட்டுரையில் விளங்கும்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கக் கால்பந்து, நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்தினின்றும் வேறானது. பந்து இருபுறமும் கூர்த்து நீண்டிருக்கும். பெரும்பாலும் கையால் எறிந்தும், கையில் ஏந்தி ஓடியும் ஆடுவர். ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் 11 பேர் களத்தில் நிற்பர். கோட்டுக்குக் கோடு களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்ப்பது 'டச் டவுன்' எனப்படும். எறிந்த பந்தை எதிரணியார் பறித்துக்கொள்வது இடைமறிப்பு ஆகும்.

தாக்கி ஆடும் அணியின் நடுநாயகமாக நிற்பவரே குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்கே வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்பதை அவர் இரண்டு மூன்று விநாடிகளில் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் பருத்த வீரர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவர்.

ஆயினும், எந்த உத்தியை ஆடுவது என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார். குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தினுள் சிறு ஒலிபெருக்கிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பயிற்சியாளர் வெளியிலிருந்து உத்தியின் பெயரைச் சொல்ல, அது அவர் காதில் விழும். ஆட்டக் கடிகாரத்தில் 15 விநாடிகள் எஞ்சியிருக்கும்போது அத்தொடர்பு துண்டிக்கப்படும். அதன்பின் அவர் தனியர், கற்றதே துணை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உத்திகளைக் குறிக்கும் மொழி எல்லா அணிகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பில் வால்ஷ் என்னும் பயிற்சியாளர் வளர்த்தெடுத்த முறையில் பந்தைப் பிடிப்பவர்கள் ஓட வேண்டிய தடங்களுக்குச் சொற்களே பெயர்கள். டான் கோரியல் என்பார் வழிவந்த முறையிலோ தடங்களுக்கு எண்களே பெயர்கள். முறை மாறினால் எறியும் முன் பின்வாங்கி வைக்க வேண்டிய அடிகளும், யாரை முதலில் நோக்க வேண்டும் என்னும் வரிசையும் மாறும். பயிற்சியாளர் மாறுவது என்பது புதிய இலக்கணத்தை முதல் எழுத்திலிருந்து கற்பதற்கு ஒப்பாகும்.

ஒரே நாளில் தேர்வான இருவர்

அமெரிக்கத் தேசியக் கால்பந்துச் சங்கத்தில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை அவை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். முந்திய ஆண்டில் மிகவும் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் முதல் வாய்ப்பு ஃபார்ட்டி நைனர்ஸுக்குக் கிடைத்தது. அவர்கள் யூட்டா பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. பொருளியலில் இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெற்ற கூர்மதியினர். 2004ஆம் ஆண்டுப் பருவத்தில் தம் அணியை ஆடிய 12 ஆட்டங்களிலும் வெற்றி பெறச் செய்தவர்.

அதே நாளில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆரன் ராட்ஜர்ஸ் என்பவர் 24ஆம் இடத்தில் கிரீன்பே நகரத்து அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்விருவரின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் என் பழைய முடிவில் எனக்கே ஐயம் பிறந்தது.

ஸ்மித் முதலாண்டிலேயே களத்தில் இறக்கப்பட்டார். கல்லூரியில் அவர் பந்தைத் தருபவருக்குச் சில கெஜம் பின்னே நின்று வாங்கி ஆடியவர். இங்கோ பல வேளைகளில் அவரை ஒட்டி நின்று வாங்கிப் பின்வாங்கி எறிய வேண்டும். அவ்வாண்டில் அவர் எறிந்த டச் டவுன் ஒன்று, இடைமறிப்புகள் 11. ராட்ஜர்ஸோ பிரெட் ஃபாவர் என்னும் மூத்த குவார்ட்டர்பேக்கின் பின்னே மூன்றாண்டுகள் அமர்ந்து கற்று, 2008இல்தான் முதல்வராக ஆடத் தொடங்கினார்.

இன்னும் ஒன்று வியப்புக்குரியது. 2005இல் ஸ்மித்துக்குத் தாக்குதல் ஆட்டத்தைக் கற்பித்தவர் மைக் மெக்கார்த்தி. ஓராண்டு முடிந்ததும் அவர் கிரீன்பே அணியின் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றுவிட்டார். 2018ஆம் ஆண்டுப் பருவம் வரை ராட்ஜர்ஸின் பயிற்சியாளர் அவரே. 2011 பிப்ரவரியில் இருவரும் சேர்ந்து சூப்பர் பவுல் என்னும் வாகையர் பட்டத்தை வென்றனர். ஸ்மித்துக்கு ஓராண்டு மட்டும் வாய்த்த ஆசிரியர், ராட்ஜர்ஸுக்குப் பதின்மூன்று பருவங்கள் வாய்த்தார். அவர் அங்கேயே இருந்திருந்தால் ஸ்மித் ராட்ஜர்ஸுக்கு நிகராகியிருப்பார் என்று நான் கூறமாட்டேன். ராட்ஜர்ஸின் எறிதிறன் அரிய கொடை. ஆனால் இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று என்று மட்டும் கூறுவேன்.

ஆறாண்டில் அறுவர்

மெக்கார்த்திக்குப் பின் வந்தவர்களை வரிசைப்படுத்திக் காண்போம். 2006இல் நார்வ் டர்னர். இவர் சொற்களுக்கு மாறாக எண்களால் தடங்களைக் குறிக்கும் முறையினர். அவ்வாண்டில் ஸ்மித் 16 ஆட்டங்களிலும் ஆடி 16 டச் டவுன்களும் 16 இடைமறிப்புகளும் எறிந்தார். முந்திய ஆண்டை நோக்க இது தெளிவான முன்னேற்றம். ஆனால் டர்னரும் சான்டியாகோ அணியின் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றுவிட்டார். 2007இல் ஜிம் ஹாஸ்ட்லர் வந்தார். அவ்வாண்டில் எறியும் தோள் காயமுற்றது. 2008இல் மைக் மார்ட்ஸ் வந்தார். தோள் ஆறாமையால் ஸ்மித் அவ்வாண்டு ஆடவே இல்லை. 2009இல் ஜிம்மி ரே. 2010இல் மூன்று ஆட்டங்கள் முடிந்ததும் ரே நீக்கப்பட, மைக் ஜான்சன் அவ்விடத்தில் அமர்ந்தார்.

ஆக, ஆறு பருவங்களில் ஆறு தாக்குதல் பயிற்சியாளர்கள். இத்தனை மாற்றம் நேர்ந்தமைக்குக் காரணம் என்ன? அக்காலத்துத் தலைமைப் பயிற்சியாளர்களான மைக் நோலன், மைக் சிங்கிள்டரி ஆகிய இருவரும் தற்காப்பு ஆட்டத்தில் வல்லவர்கள். சிங்கிள்டரி ஆட்டக்காரராக இருந்த காலத்தில் சிகாகோ அணியின் தற்காப்புத் தூணாக விளங்கியவர். தலைமைப் பயிற்சியாளர் தற்காப்பு வல்லுநராக இருக்கும் அணியில், குவார்ட்டர்பேக்கின் கல்வி துணைப் பயிற்சியாளர் ஒருவரின் கையில் விடப்படுகிறது. அத்துணைவர் திறமையாகச் செயற்பட்டால் வேறு அணி அவரைத் தலைவராக அழைத்துக்கொள்கிறது. திறமை குன்றினால் சொந்த அணியே அனுப்பிவிடுகிறது. இரண்டு வழியிலும் மாணவன் ஆசிரியரை இழக்கிறான். அணியின் அமைப்பிலேயே இருந்த இக்குறையை மைதானத்தில் இருந்தவர்கள் காணவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, பந்தைத் தவறவிட்ட ஒருவர் மட்டுமே.

2010ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிலடெல்பியா அணியுடன் நடந்த ஆட்டத்தில், சொந்த ஊர் மக்களே மாற்று ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லி 'அவரைக் கொண்டுவா' என்று முழக்கமிட்டார்கள். அவ்வாட்டத்தில் அணி 24–27 என்று தோற்றது. ஜோ மான்டானா, ஸ்டீவ் யங் ஆகியோர் ஐந்து சூப்பர் பவுல் பட்டங்களைப் பெற்றுத் தந்த ஊர் அது. பழம்பெருமை உடைய ஊரில் பின்னே வருபவனின் பாடு கடினந்தான். பருவ முடிவில் அணி 6 வெற்றி, 10 தோல்வி பெற்றிருந்தது. சிங்கிள்டரி பருவம் முடிவதற்குள்ளேயே நீக்கப்பட்டார்.

2011: எடைபோட்ட விதம்

2011 சனவரி 7ஆம் நாள் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளரானார். இவர் தாமே குவார்ட்டர்பேக்காகப் பதினான்கு பருவங்கள் ஆடியவர்; பயிற்சியாளராக ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அணியை 2010ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 வெற்றி, ஒரே தோல்வி என்னும் நிலைக்கு உயர்த்தியவர். வால்ஷ் வழிவந்த சொல்முறையைப் பின்பற்றுபவர்.

ஸ்மித்தின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. புதிய பயிற்சியாளர் வந்தால் புதிய குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவருவது பொதுவழக்கு. மக்கள் விரும்பியதும் அதுவே. ஹார்பாவோ ஸ்மித்தை நேரில் அழைத்துப் பேசி, அணியில் நீடிக்குமாறு கேட்டார். அதே வேளையில் ஏப்ரல் மாதத் தேர்வில், நெவாடா பல்கலைக்கழகத்துக் காலின் கேப்பர்னிக் என்னும் இளைஞரை 36ஆம் இடத்தில் எடுத்தும் வைத்துக்கொண்டார். பழையவருக்கு ஒரு வாய்ப்பு. அது பொய்த்தால் புதியவர் ஆயத்தம். இம்முடிவில் இரக்கம் மட்டுமன்றிக் கணக்கும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வாண்டு மார்ச்சு முதல் சூலை வரை அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே ஊதியப் பூசல் எழுந்து, கதவடைப்பு நடந்தது. பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களுக்குக் கற்பிக்க இயலாத காலம் அது. ஸ்மித் தமக்குக் கிடைத்த புதிய உத்தி ஏட்டைக் கற்று, சான்ஓசே நகரத்துப் பல்கலைக்கழகத் திடலில் தோழர்களைத் திரட்டித் தாமே பயிற்சி நடத்தினார். அப்போது அவர் அவ்வணியின் ஒப்பந்தத்தில்கூட இல்லை! ஊதியமும் இல்லை, உறுதியும் இல்லை, ஆயினும் முன்னின்றார். 'இவர் தலைமைக்கு ஏற்றவர் அல்லர்' என்று கூறிவந்தவர்களுக்கு இதனினும் நல்ல விடை வேறில்லை என்று கருதுகிறேன். கதவடைப்பு முடிந்ததும் ஓராண்டு ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார்.

விளைவும் அதன் பங்காளர்களும்

2011ஆம் ஆண்டுப் பருவத்தில் அணி 13 வெற்றி, 3 தோல்வி பெற்றது. 2002க்குப் பின் முதன்முறையாக, தோற்றவர் வெளியேறும் இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழைந்தது. ஸ்மித் 17 டச் டவுன்கள் எறிந்தார், இடைமறிப்புகள் ஐந்தே. 2012 சனவரி 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடங்களில் முன்னணி நான்கு முறை கைமாறியது. 9 விநாடிகள் எஞ்சியிருந்தபோது ஸ்மித் எறிந்த பந்தை வெர்னன் டேவிஸ் 14 கெஜத்தில் பிடிக்க, அணி 36–32 என்று வென்றது. ஓராண்டுக்கு முன் வேறொருவர் பெயரை முழங்கிய அதே மைதானத்து மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர்.

ஆய்வாளன் ஒருபக்கம் சாய்தல் கூடாது. எனவே மறுபக்கத்தையும் கூறுகிறேன். அவ்வெற்றியில் தற்காப்பு ஆட்டத்தின் பங்கு மிகப்பெரிது. 2010இல் 346 புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி, 2011இல் 229 புள்ளிகளையே விட்டுக்கொடுத்தது. மேலும் சனவரி 22ஆம் நாள் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் கூடுதல் நேரத்தில் 17–20 என்று தோற்ற ஆட்டத்தில், 13 முறை வந்த மூன்றாம் முயற்சிகளுள் ஒன்றில் மட்டுமே வேண்டிய தொலைவைக் கடந்தது. உதைத்து வந்த பந்தைத் திரும்ப ஏந்துபவர் தவறவிட்டதும் தோல்விக்குக் காரணமாயிற்று என்பது உண்மையே. ஆயினும் ஸ்மித்தின் ஆட்டத்திற்கு ஓர் எல்லை உண்டோ என்னும் ஐயம் ஹார்பாவின் உள்ளத்தில் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

நீதியா, பயனா?

2012இல் ஸ்மித் அதனினும் சிறந்து ஆடினார். எறிந்த பந்துகளுள் நூற்றுக்கு 70 உரியவர் கையைச் சேர்ந்தன. அரிசோனா அணிக்கு எதிரான ஆட்டத்தில் எறிந்த 19இல் 18 சேர்ந்தன. நவம்பர் 11ஆம் நாள் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்று வெளியேறினார். அடுத்த ஆட்டத்தில் இறங்கிய கேப்பர்னிக் சிகாகோ அணியை 32–7 என்று வீழ்த்தினார். ஸ்மித் குணமடைந்து வந்தபோது அவர் இடம் அவருக்கு மீளவில்லை.

இது நீதியா? காயத்தால் ஒருவர் தம் இடத்தை இழத்தல் கூடாது என்பது விளையாட்டுலகில் பலர் போற்றும் மரபு. அம்மரபின்படி ஹார்பா செய்தது தவறே. ஆனால் கேப்பர்னிக்கின் கால் விரைவும் கை வலிமையும் எதிரணிகள் அதுவரை கண்டிராதவை. கிரீன்பே அணிக்கு எதிராக அவர் தாமே 181 கெஜம் ஓடினார். அணி சூப்பர் பவுலை எட்டி, 2013 பிப்ரவரி 3ஆம் நாள் பால்டிமோர் அணியிடம் 31–34 என்று தோற்றது. பயன் நோக்கின் ஹார்பா செய்தது சரி என்பார்க்கும் சான்று உண்டு. நான் இரண்டையும் ஏற்கிறேன். சரியான முடிவும் ஒருவருக்குத் தீங்காக முடியலாம். அத்தகைய வேளையில் தீங்குற்றவர் நடந்துகொள்ளும் முறையே அவர் தரத்தைக் காட்டுகிறது. ஸ்மித் தம் வருத்தத்தை மறைக்கவில்லை. ஆயினும் தம்மை முந்திய இளைஞருக்கு உதவுவதையும் நிறுத்தவில்லை.

மீண்டும் ஒரு புதிய பயிற்சியாளர்

2013இல் கான்சஸ் நகரத்து 'சீஃப்ஸ்' அணியும் இதே இரட்டை வினாவோடு நின்றது. முந்திய பருவத்தில் அவ்வணி 2 வெற்றி, 14 தோல்வி பெற்றிருந்தது. பிலடெல்பியாவில் 14 ஆண்டுகள் பணியாற்றிய ஆண்டி ரீட் புதிய பயிற்சியாளராக வந்தார். முதல் வேலையாக ஸ்மித்தை விலைகொடுத்துப் பெற்றார். தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவர் ரீடே ஆதலின், துணைவர் மாறினும் இலக்கணம் மாறவில்லை. முதற்பருவத்திலேயே 11 வெற்றி, 5 தோல்வி. ஐந்து பருவங்களில் நான்கில் இறுதிக்கட்டச் சுற்றை எட்டினர். 2017இல் எறிதல் திறனைக் கணிக்கும் மதிப்பெண்ணில் சங்கம் முழுமைக்கும் ஸ்மித்தே முதல்வர். ஒரே ஆசிரியரிடம் ஐந்தாண்டுகள் கற்றதன் பயன் அது.

அவ்வாண்டு ஏப்ரலிலேயே பேட்ரிக் மஹோம்ஸ் என்னும் இளைஞரை அணி 10ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்திருந்தது. தம் இடத்திற்கு வந்தவர் என்று அறிந்தும், ஸ்மித் அவரைத் தம் அருகில் வைத்து, எதிரணியை ஆராயும் முறையைக் காட்டிக்கொடுத்தார். மஹோம்ஸ் அந்நன்றியைப் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். 2018இல் ஸ்மித் வாசிங்டனுக்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டே மஹோம்ஸ் 50 டச் டவுன்கள் எறிந்தார். 2020 பிப்ரவரியில் சீஃப்ஸ் அணி சூப்பர் பவுலை வென்றது. வீழ்த்தப்பட்டது ஃபார்ட்டி நைனர்ஸ்!

2018 நவம்பர் 18ஆம் நாள் ஸ்மித்தின் வலக்கால் முறிந்தது. புண்ணில் நச்சுக் கிருமி பரவி, காலை மட்டுமன்றி உயிரையே இழக்கும் நிலை நேர்ந்தது. பதினேழு அறுவை மருத்துவங்களுக்குப் பின், 2020 அக்டோபர் 11ஆம் நாள் அவர் மீண்டும் களத்தில் இறங்கினார். அவ்வாண்டின் சிறந்த மறுவரவு ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்று, 2021இல் ஓய்வு பெற்றார்.

முடிவுரை

ஒரு குவார்ட்டர்பேக்கின் எதிர்காலத்தை எடைபோடும் அணி மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இவ்வரலாற்றால் துணிகிறேன். இவருக்கு எத்தனை முறை பாடம் மாற்றப்பட்டது? மாறாத பாடம் கிடைத்தபோது இவர் வளர்ந்தாரா? புதிதாக வருபவர் நிலைத்திருப்பாரா, அன்றி அவரும் ஓராண்டில் போய்விடுவாரா? முதல் வினாவைக் கேளாமல் தீர்ப்பளித்தவர்கள் 2010இல் முழக்கமிட்டோர். இரண்டாம் வினாவைக் கேட்டவர் ஹார்பா. மூன்றாம் வினாவுக்கு விடையாக நின்றவர் ரீட். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை அடுத்தே 'தெரிந்து வினையாடல்' அமைந்திருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கிறேன். ஆளை ஆராய்ந்து தெளிவது முதற்படி. அவருக்கேற்ற வினையில் அவரை அமர்த்துவது அடுத்த படி.

ஆசிரியப் பணியில் இருக்கும் நான், ஆண்டின் நடுவில் ஒரு வகுப்பை ஏற்றுக்கொண்ட காலத்தில், மாணவர் ஒருவரின் பெயருக்கு எதிரே 'தேறுவது அரிது' என்று குறித்துவைத்ததுண்டு. அவ்வாண்டில் அவ்வகுப்புக்கு அப்பாடத்தில் நான் மூன்றாவது ஆசிரியர் என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அம்மாணவர் பின்னர்த் தேறினார். இப்போதெல்லாம் அத்தகைய குறிப்பு எழுதக் கை போகும்போது, இதற்கு முன் இவருக்குக் கற்பித்தவர் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.